மொட்டை மாடிக்கு ஒரு கட்டம்

போன மாதம் பவானி போன் செய்தாள். நான் பார்த்த வேலையை இப்போது பார்ப்பவள் அவள்தான். வியாசர்பாடிக்காரி, நாற்பது வயது தாண்டியவள். ஆய்வகத்தில் பாட்டில் கழுவுவது, கிருமித் தட்டுகளை வேகவைத்துக் கொட்டுவது, தரை துடைப்பது, கேட்டதை எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. நேரில் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஆனால் போனில் வாரத்துக்கு ஒரு சந்தேகம் கேட்பாள்.

"யக்கா, டெய்லி ரொப்புற ஃபாரத்துல ஒரு கட்டம் கீதே, 'மொட்டை மாடி: சென்றது, செல்லவில்லை'ன்னு. அது இன்னாத்துக்கு?"

"ஏன், அது உன்ன இன்னா பண்ணுச்சு?"

"புது பில்டிங்ல மாடிக்குப் போவ வழியே கெடையாதுக்கா. பூட்டுகூட இல்ல, கதவே இல்ல. டெய்லி 'செல்லவில்லை'ன்னு டிக் அடிச்சிகினு கீறேன். சாருங்கள கேட்டா அவங்களுக்கும் தெரியல. பழைய ஃபாரத்துல இருந்துச்சு, அப்டியே வந்துட்ச்சுன்றாங்க. அடுத்த தபா ஃபாரம் அடிக்கும்போது தூக்கிடப் போறாங்களாம்."

தூக்கட்டும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அந்தக் கட்டம் என்னால் வந்தது. தூக்குவதற்கு முன்னால் அது எப்படி வந்தது என்று நாலு பேருக்காவது தெரிய வேண்டும். அதற்காகச் சொல்கிறேன். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், எண் எழுதத் தெரியும், பஸ் போர்டு படிக்கத் தெரியும். மீதியை என் மகள் கவிதா எழுதுகிறாள். நடுவில் அவளாக அழகு பண்ணிய இடங்களை எல்லாம் திரும்பப் படிக்கச் சொல்லிக் கோடு போட்டு அடிக்க வைத்திருக்கிறேன்.

என் பெயர் கன்னியம்மாள். திருவொற்றியூர்க் கரையில் கருவாடு போட்ட குடும்பம். என் அம்மா, நான், என் நாத்தனார் மூன்று பேரும் சேர்ந்து காயவைப்போம். பிறகு கடல் மணலை எடுத்துக்கொண்டது. மிச்சத்தைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். கல் மேல் கருவாடு போட முடியாது. இடுக்கில் விழும், பூனைகளுக்குத்தான் ஆகும். வேறு வேலை தேடினேன். சாத்தாங்காடு பக்கம் ஓர் ஆய்வகத்தில் பாட்டில் கழுவ ஆள் வேண்டும் என்று ஒரு காண்டிராக்டர் சொன்னார். மீன் கழுவினவளுக்குப் பாட்டில் என்ன பெரிய விஷயம் என்று போனேன்.

பெரிய விஷயம்தான். கழுவக் கற்றுக்கொள்ளவே மூன்று மாதம் ஆனது. சோப்புத் தண்ணீரில் ஒரு தடவை, குழாய்த் தண்ணீரில் ஐந்து தடவை, காய்ச்சி வடித்த தண்ணீரில் இரண்டு தடவை, ஆக எட்டு. கடைசியில் கண்ணாடி மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்கக் கூடாது. ஒரே படலமாக வழிய வேண்டும். நின்றால் பிசுக்குப் போகவில்லை என்று அர்த்தம், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கிருமி வளர்த்த தட்டுகளை நேராகக் குப்பையில் போடக் கூடாது. ஆட்டோகிளேவ் என்று ஆள் உயரத்துக்கு ஒரு பிரஷர் குக்கர் இருக்கும், அதில் வேகவைத்துத்தான் போட வேண்டும். வேகவைப்பதற்கு முன் ஒவ்வொரு தட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். யாரும் பார்க்கச் சொல்லவில்லை. மீனை வாங்கும் முன் செவுளைத் தூக்கிப் பார்த்த கை, சும்மா இருக்காது.

ஆய்வகத்துக்குத் தலைவர் வசுமதி மேடம். எங்கள் எல்லாரையும் 'நீங்க' என்றுதான் சொல்வார். ஜன்னல் வழியாக வரும் பூனையிடமும் 'நீங்க வெளியில போங்க' என்பார். கத்த மாட்டார். என்ன சொன்னாலும் அவர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை மணிக்கு?" பாட்டில் உடைந்துவிட்டது மேடம் என்றாலும் எத்தனை மணிக்கு. காய்ச்சல், நாளைக்கு வர மாட்டேன் என்றாலும் காய்ச்சல் வந்தது எத்தனை மணிக்கு. பென்சிலில்தான் எழுதுவார். யாரிடமாவது மனசு கஷ்டப்படுகிற விஷயம் சொல்ல வேண்டியிருந்தால் முதலில் பிளேடை எடுத்துப் பென்சிலைச் சீவுவார். பென்சில் சீவும் சத்தம் கேட்டால் நாங்கள் எல்லாரும் அவரவர் செய்த தப்பை நினைத்துப் பார்ப்போம்.

அவர் எனக்குக் கொடுத்த முதல் வெளிவேலை, காசிமேடு ஏலக்கூடத்துச் சாக்கடையிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவருவது. எட்டுத் தடவை கழுவிய பாட்டில். குனிந்து பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்த ராணி பார்த்துவிட்டாள். என்னுடன் கரையில் வளர்ந்தவள்.

"இன்னாடி கன்னிம்மா, சாக்கடைத் தண்ணிய புட்டில புடிக்கிற?"

"டாக்டரம்மா கேட்டாங்க."

"மொதல்ல டாக்டர மாத்து."

கொண்டுபோய்க் கொடுத்தபோது மேடம் விளக்கினார். மீனைக் கெடுக்கும் பாக்டீரியா எங்கே கூட்டமாக இருக்கிறதோ, அதைக் கொல்லும் வைரஸும் அங்கேதான் இருக்கும். ஃபேஜ் என்று பெயர். பாக்டீரியாவைத் தவிர வேறு எதையும் தொடாது, மனிதரை ஒன்றும் செய்யாது. அதைப் பிடித்து மீன் சுற்றும் உறைக்குள் உயிரோடு வைத்துவிட்டால் மீன் சீக்கிரம் கெடாது. "அவ்வளவுதான் நம்ம வேலை" என்றார். அந்த 'அவ்வளவுதான்' முடிவதற்குள் எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துவிட்டது.

சாக்கடையிலிருந்து ஃபேஜைப் பிரித்து வளர்க்கவே ரொம்ப நாள் ஆனது. அதன் பிறகு உறை செய்யும் மெஷின் வந்தது. ஒரு ஐப்பசி மாதம், நல்ல மழையில், தார்ப்பாய் போட்டு மூடி இறக்கினார்கள். அதை ஓட்டுவதற்கு இளங்கோ. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் வளர்ந்தவர். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். முப்பது வயது, டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். மேடத்திடம் ஒரு தமிழ் பேசுவார், என்னிடம் வேறு தமிழ்.

மெஷின் என்றால் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரு பக்கம் சிரிஞ்சும் ஊசியும். சிரிஞ்சில் கஞ்சி மாதிரி ஒரு பசை, அதில் ஃபேஜ் கலந்திருக்கும். எதிர்ப்பக்கம் அலுமினியத் தாள் சுற்றிய உருளை சுழன்றுகொண்டே இருக்கும். ஊசிக்கும் உருளைக்கும் நடுவில் ஆளைத் தூக்கி அடிக்கிற கரண்ட். சுவிட்சைப் போட்டால் ஊசி முனையில் நிற்கும் சொட்டு கீழே விழாமல் கூம்பு மாதிரி இழுபடும். அதற்கப்புறம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, நூல் அவ்வளவு மெல்லிசு. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் அலுமினியத் தாள் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். மதியத்துக்குள் ஒரு ஷீட் ஆகிவிடும். அவித்த முட்டை ஓட்டுக்குள் ஒரு தோல் இருக்குமே, தொட்டால் அப்படி இருக்கும். அந்த நூலுக்குள் ஃபேஜ் சிறைப்பட்டிருக்கிறது என்று இளங்கோ சொன்னார். நான் நம்பினேன். படித்தவர்கள் கண்ணுக்குத் தெரியாததைச் சொன்னால் நம்புவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நிஜமாகவே இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஷீட்டில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டம் வெட்டி, பாக்டீரியா தடவிய தட்டில் வைத்து, வெதுவெதுப்பான பெட்டியில் ஒரு நாள் விடுவார்கள். மறுநாள் தட்டு முழுவதும் பாக்டீரியா பாலேடு மாதிரி படர்ந்திருக்கும். ஃபேஜ் உயிரோடு இருந்தால் வட்டத்தைச் சுற்றி மட்டும் ஏடு இல்லாமல் தெளிவாக இருக்கும். அதற்கு எங்கள் ஆய்வகத்தில் ஜன்னல் என்று பெயர். ஜன்னல் இருந்தால் உயிர் இருக்கிறது. இல்லாவிட்டால் இல்லை.

முதல் வாரம் ஜன்னல் வந்தது. மேடம் தட்டைப் பார்த்துத் தலையை ஒரு தடவை ஆட்டினார். அவருக்கு அது திருவிழா. ஆனால் இளங்கோவுக்கு ஒரு குறை இருந்தது. மதியம் பாட்டில் கழுவும் இடத்துக்கு வந்து நின்றார்.

"யக்கா, ஷீட்டு காயவே மாட்டேங்குதுக்கா. தொட்டா கையோட ஒட்டிகினு வருது. இந்த மணியும் ஒரே நாள்ல செவந்து பூடுது."

மணி என்றால், ஷீட்டை வைக்கும் கண்ணாடி ஜாடிக்கு அடியில் போட்டிருக்கும் நீல மணி. ஈரத்தைக் குடித்தால் சிவந்துவிடும். ஓவனில் வறுத்தால் மறுபடி நீலமாகும். வறுப்பது என் வேலை.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை, ஊர்க் காற்றைத்தான் சொன்னார். ஆனாலும் காயவில்லை என்று ஒருவர் சொல்லி நான் கேட்டுக்கொண்டிருந்ததில்லை. எங்கள் வீட்டுக் கருவாடு ஈரம் என்று ஒரு கூடைகூடத் திரும்பி வந்ததில்லை.

மறுநாள் மழை விட்டு வெயில் வந்தது. ஒரு மணிக்கு இளங்கோ எதிர் மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போனார். மேடம் கதவைச் சாத்திக்கொண்டு டப்பாவைத் திறந்தார். நான் ஜாடியிலிருந்து ஷீட்டை அலுமினியத் தாளோடு எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். ஃபேஜுக்குச் சூடு ஆகாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் தரைச்சூடு ஏறாமல் அடியில் தெர்மாகோல் போட்டேன். தூசி விழாமல் மேலே நைலான் வலை. காற்றில் பறக்காமல் நாலு மூலைக்கும் நாலு ரப்பர் தக்கை. காக்கா வராமல் கையில் துடைப்பக் கட்டை. நின்றுகொண்டே என் சோற்றைச் சாப்பிட்டேன். இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஷீட் அப்பளம் மாதிரி கலகலவென்று இருந்தது. ஜாடிக்குள் வைத்து மூடிவிட்டேன்.

சூடு ஆகாது என்றார்கள், சரி. வெயில் ஆகாது என்று யாரும் சொல்லவில்லை. வெயில் வேறு, சூடு வேறு என்பது கருவாட்டுக்காரிக்குத் தெரியும்.

இளங்கோ ஜாடியைத் திறந்து பார்த்தார். "யக்கா! இன்னிக்கு மணி சூப்பரா வேல செஞ்சிகீதுக்கா!"

நான் அடுத்த பாட்டிலை எடுத்தேன். செய்த வேலையைச் சொல்லிக் காட்டுவது என் பழக்கம் இல்லை. அந்தப் பழக்கத்தால் எவ்வளவு கெட்டது என்று பிறகு தெரிந்தது.

அன்றிலிருந்து வெயில் அடித்த நாளெல்லாம் ஷீட் மாடிக்குப் போனது. மழை நாளில் ஜாடியிலேயே இருந்தது. ஜன்னல் மழை நாளில் வந்தது, வெயில் நாளில் வரவில்லை. இளங்கோ நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். காற்றில் ஈரம் இருந்தால் ஃபேஜ் பிழைக்கிறது, காய்ந்த காற்றில் சாகிறது. மேடமும் யோசித்துவிட்டு, இருக்கலாம் என்றார். மார்கழி பிறந்து மழை நின்றதும் ஜன்னலும் நின்றுபோனது. அதனால் ஒரு மெஷின் வாங்கினார்கள். அறைக்குள் ஈரம் உண்டாக்கும் மெஷின். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், இரும்புக் கதவு வருஷத்துக்கு ஒரு தடவை துருப்பிடித்து உதிரும் இடத்தில், காசு கொடுத்து ஈரம் வாங்கியது நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

அந்த மெஷின் புகை மாதிரி ஈரத்தைக் கக்கியது. ஷீட் சொதசொதவென்று வந்தது. நான் முன்பைவிடக் கூடுதலாகக் காயவைத்தேன். ஜன்னல் வரவில்லை.

தை மாதம் மேடம் தானே உட்கார்ந்து மெஷினை ஓட்டினார். மூன்று நாள், மூன்று ஷீட். பசை கலந்ததிலிருந்து எல்லாம் அவர் கை. மூன்று நாளும் நல்ல வெயில். மூன்று தட்டிலும் பாலேடு நிறைந்து கிடந்தது. நான்தான் வேகவைத்துக் கொட்டினேன்.

மாசி பிறந்தது. பணம் கொடுக்கிற இடத்திலிருந்து கமிட்டி வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. அந்தத் திங்கட்கிழமை காலை பென்சில் சீவும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் சீவினார். பாட்டில் கழுவும் தொட்டிக்கும் மேடம் அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான்.

"இளங்கோ, தப்பா எடுத்துக்காதீங்க. ஜன்னல் வந்ததுன்னு நோட்டில ஏழு தட்டு எழுதியிருக்கீங்க. ஏழும் நிஜம்தானா?"

"மேடம், போட்டோ இருக்கு மேடம்."

"போட்டோவில தட்டு இருக்கு. அது எந்த ஷீட்டுன்னு போட்டோ சொல்லாதே. ஆறு மழை நாள், சரி. இந்த ஏழாவது? தை மாசம் நல்ல வெயில்ல வந்திருக்கு. அதுக்கு முன்னாடியும் இல்லை, பின்னாடியும் இல்லை. என் கையில ஒண்ணுகூட வரலை."

"நான் பொய் எழுதலை மேடம்."

"அப்படி நான் சொல்லலை. ஆனா வெள்ளிக்கிழமை கேப்பாங்க. இந்த நோட்டை நம்பலாமான்னு கேட்டா, எனக்குத் தெரியலைன்னுதான் சொல்ல முடியும்."

இளங்கோ வெளியே வந்து தொட்டிப் பக்கம் நின்றார். குழாயைத் திறந்து கை கழுவினார். கை சுத்தமாகத்தான் இருந்தது.

"கேட்டியாக்கா? பொய்க்காரன்னு பேர் வாங்கினு வெளிய போனா எவன் சேத்துப்பான்? மூட்டை தூக்கறதுக்கு எங்கப்பாகூட சேக்கமாட்டாரு."

"ஜன்னல் இருந்துச்சே தம்பி. நான் பாத்தனே. ஏழு தட்டையும் நான்தானே வேகவெச்சேன்."

"நீ பாத்தது நோட்டுல இல்லியேக்கா."

அது சரிதான். அந்த நோட்டில் மேடம் செய்தது இருந்தது, இளங்கோ செய்தது இருந்தது, மெஷின் செய்தது இருந்தது. நான் செய்தது ஒன்றும் இல்லை. எட்டுத் தடவை கழுவியதுகூட இல்லை.

"அந்த ஏழாவது எந்த நாளு?" என்று கேட்டேன்.

அவர் நோட்டை விரித்துப் படித்தார். "பொங்கல் முடிஞ்சி ரெண்டாவது வியாழக்கெழம. நல்ல வெயிலு. 'ஷீட் ஒட்டியது, மணி வேலை செய்யவில்லை'ன்னு எழுதிகீறேன். அன்னிக்கு மட்டும் அது ஏன் மக்கர் பண்ணுச்சுன்னு தெரியல."

எனக்குத் தெரிந்தது. அந்த வியாழக்கிழமை எர்ணாவூரில் என் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. நான் லீவு.

கையில் பாட்டில் இருந்தது. நழுவவில்லை, என் கை எதையும் நழுவ விடாது. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குழாயை மூடினேன். மழை பெய்த ஆறு நாள் நான் மாடிக்குப் போகவில்லை. ஏழாவது நாள் நானே வரவில்லை. ஜன்னல் வந்தது இந்த ஏழு நாள்தான். இதைக் கணக்குப் பண்ணப் படிப்பு தேவையில்லை.

உடனே சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். தொட்டியில் நாற்பது பாட்டில் மிச்சம் இருந்தது. நாற்பதையும் கழுவினேன். கழுவிக்கொண்டே யோசித்தேன். நான் காண்டிராக்டர் ஆள். மேடம் ஒரு போன் போட்டால் மறுநாள் வாசலில் வாட்ச்மேன் என்னை உள்ளே விட மாட்டான். கவிதா அப்போது காலேஜில் இரண்டாம் வருஷம். யாருக்கும் தெரியாது. நாளையிலிருந்து மாடிக்குப் போகாமல் இருந்துவிட்டால் ஜன்னல் தானாக வந்துவிடும், எனக்கு வேலையும் இருக்கும். ஆனால் அந்த ஏழு தட்டுக்கு யார் பதில் சொல்வது? வெள்ளிக்கிழமையோடு இளங்கோ பேர் போய்விடும். போன பேரை எட்டுத் தடவை கழுவினாலும் பிசுக்கு நிற்கும்.

உள்ளதைச் சொல்ல வேண்டுமானால், வேலை போவதைவிட இன்னொன்று கஷ்டமாக இருந்தது. காயவைத்துக் கெடுத்தேன் என்று என் வாயால் சொல்ல வேண்டும். காயவைத்து.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மேடம் அறைக்குள் போனேன்.

"மேடம், அந்த ஷீட்டையெல்லாம் நான்தான் கெடுத்தேன். மாடில கொண்டுபோய்க் காயவெச்சேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். புடவைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டார். பிளேடை எடுத்தார். காலையில் சீவிய பென்சிலை மறுபடி சீவினார். நான் காண்டிராக்டரின் முகத்தை நினைத்துக்கொண்டு நின்றேன்.

"எத்தனை மணிக்கு?" என்றார்.

"ஒரு மணிக்கு மேடம். நீங்க சாப்புடும்போது."

"எவ்வளவு நேரம்?"

"தண்ணி டேங்க் நெழலு கைப்பிடிச் சுவத்த தொடற வரிக்கும். ஈர மெஷின் வந்தப்புறம் இன்னும் ஒரு சாண் அதிகம்."

எழுதிக்கொண்டார். "யார் காயவைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. காயலன்னு சொன்னாங்க."

"கன்னியம்மா, வெயில்ல வச்சா கருவாடு ஏன் கெடாம இருக்கு?"

"தண்ணி வத்திப்போவுது. வெயில்ல கிருமி செத்துடுது."

"இந்த ஷீட்டுக்குள்ள என்ன இருக்கு?"

"கிருமிதான்…" என்று சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. "ரெண்டும் எனக்குத் தெரியும் மேடம். தனித்தனியா தெரியும். சேத்து வெச்சிப் பாக்கல."

மேடம் அதையும் எழுதிக்கொண்டார். "எங்களுக்கும் ரெண்டும் தெரியும். ஷீட் ஏன் மதியம் மட்டும் காயுதுன்னு நாங்க கேக்கலை" என்றார். பிறகு குரலை உயர்த்தாமல் இளங்கோவைக் கூப்பிட்டார்.

இளங்கோ நின்றுகொண்டே கேட்டார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மேடம் இருப்பதையும் மறந்து அந்தத் தமிழிலேயே பேசினார்.

"இன்னாக்கா இது? நாலு மாசம்க்கா! ஊசிய மாத்துனேன், பசைய மாத்துனேன், கரண்ட்ட மாத்துனேன். ஈரத்த வெல குடுத்து வாங்குனோம்! நீ மேல நின்னு காக்கா ஓட்டிகினு இருந்திருக்க!"

"ஒரு காக்காகூட தொடல தம்பி" என்றேன். அதுதான் வாயில் வந்தது.

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் இரண்டு தடவை குலுங்கியது. அவர் சிரித்து நான் பார்த்தது அவ்வளவுதான், அதுவும் முதுகுப் பக்கம்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஒரே ஷீட்டை மூன்றாக வெட்டினார்கள். ஒன்று ஜாடியிலேயே இருந்தது. ஒன்றைக் கறுப்புக் குடைத் துணியால் மூடி மாடியில் வைத்தோம். மூன்றாவதை என்னிடம் கொடுத்து, "நீங்க எப்பவும் எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்யுங்க. எங்களுக்காக ஒண்ணும் மாத்தாதீங்க" என்றார் மேடம். தெர்மாகோல், வலை, நாலு தக்கை, துடைப்பக் கட்டை. சோறும் எடுத்துப் போனேன், எப்போதும் சாப்பிடுவேன் இல்லையா. மேடம் தலையில் கைக்குட்டை போட்டுக்கொண்டு, டேங்க் நிழல் எவ்வளவு நகர்கிறது என்று டேப் வைத்து அளந்தார். தாமதமாகக் காக்கா வந்தது. விரட்டினேன். மேடம் எழுதிக்கொண்டார்: காக்கை இரண்டு, மணி ஒன்று முப்பத்தைந்து.

புதன்கிழமை தட்டுகளை எடுத்தார்கள். ஜாடியில் இருந்ததற்கு ஜன்னல். குடைத் துணிக்குக் கீழே இருந்ததற்கும் ஜன்னல். என் வெயிலில் காய்ந்ததற்கு ஒன்றும் இல்லை. விளிம்பு வரை பாலேடு. மேடம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மூன்றையும் என் கையில் கொடுத்தார். நானும் தூக்கிப் பார்த்தேன். ஒன்று சொல்ல வேண்டும். கெடுத்ததானாலும் அரைகுறையாகக் கெடுக்கவில்லை. ஒரு புள்ளிகூட மிச்சம் இல்லை.

இளங்கோ நோட்டில் எல்லாவற்றையும் எழுதினார். நான் சொன்னதை எனக்கே படித்துக் காட்டினார். நோட்டை மேடம் என் பக்கம் திருப்பி வைத்தார்.

"செஞ்சவங்கதான் கையெழுத்துப் போடணும்."

போட்டேன். பேனா அழுத்தி அடுத்த பக்கத்திலும் என் பேர் பதிந்தது.

வெள்ளிக்கிழமை கமிட்டியில் வந்த ஒருவர், இந்தக் கன்னியம்மாள் யார், எந்தக் காலேஜ் என்று கேட்டாராம். "எங்க ஆய்வகத்தைச் சேர்ந்தவங்க" என்று மட்டும் மேடம் சொன்னதாக இளங்கோ வந்து சொன்னார். அந்த ஏழு தட்டும் நிஜம்தான் என்று நின்றன. இளங்கோ பேரும் நின்றது. நாலு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்து, "யக்கா, எங்கியும் போவாத, மணிய மட்டும் வறு" என்றார். பட்டம் வாங்கி இப்போது கொச்சியில் பாடம் நடத்துகிறார்.

காண்டிராக்டருக்குப் போன் போகவில்லை. மன்னித்தேன் என்றும் மேடம் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை புதிதாக ஒரு ஃபாரம் வந்தது. பாட்டில் கழுவியது எத்தனை மணிக்கு, மணி வறுத்தது எத்தனை மணிக்கு, தட்டு வேகவைத்தது எத்தனை மணிக்கு. கடைசியில் ஒரு கட்டம்: மொட்டை மாடி. அது எனக்குக் கொடுத்த தண்டனையா, மரியாதையா என்று மேடம் ரிட்டயர் ஆகும் வரை நான் கேட்கவில்லை. தினமும் டிக் அடித்தேன்.

பிறகு மீன் உறை செய்தபோது வெளிப்பக்கம் ஒரு கறுப்புப் படலம் சேர்த்தார்கள். மீன் விற்கிறவள் வெயிலில்தானே உட்கார்ந்திருப்பாள் என்று மேடம் சொன்னார். அந்த உறையில் சுற்றி ஐஸில் வைத்த மீனை ராணியிடம் காட்டினேன். செவுளைத் தூக்கிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள். "நல்லாத்தான் கீது. இன்னாத்துல சுத்துன?" என்றாள். நீ அன்றைக்குப் பார்த்த சாக்கடைத் தண்ணீர்தான் என்றேன். இன்றுவரை நம்பவில்லை.

இவ்வளவையும் அன்றைக்குப் போனிலேயே பவானியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"யக்கா" என்றாள். "வெயிலுன்னா… வெயிலு மட்டும்தானா?"

"இன்னாடி கேக்கற?"

"இல்லக்கா… இங்க ஒரு கண்ணாடிப் பொட்டி கீது. உள்ள நீல லைட்டு எரியும். அத்த போட்டா உள்ள கீற கிருமியெல்லாம் செத்துடும், கைய வெக்காதன்னு சொல்லிகீறாங்க. ஷீட்டு மேல தூசி படுதேன்னு, சாருங்க சாப்புடப் போவும்போது நான் அத்த எடுத்து அதுக்குள்ள வெச்சி…"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கரண்ட் பில்லின் பின்பக்கம் காலியாக இருந்தது. கவிதாவிடம் பேனா வாங்கிக்கொண்டேன்.

"எத்தன மணிக்கு?" என்றேன்.